சைக்கிளில் போய் ஆட்டம் பார்க்க 26 குறிப்புகள்

லோயர் கேம்ப்பில் எங்கள் வீட்டுக்கு மே மாதம் வந்தால் மூன்று வேலைகள் கட்டாயம். வத்தல் போட வேண்டும், மாம்பழம் வாங்க வேண்டும், பெரியகுளம் போய்க் கூடைப்பந்து பார்க்க வேண்டும். முதல் இரண்டும் எல்லா வீட்டிலும் உள்ளவை. மூன்றாவதைச் சொன்னால் "அவ்வளவு தூரம் எப்படிப் போவீங்க?" என்பார்கள். "சைக்கிள்ல" என்றால் சிரிப்பார்கள்.

பெரியகுளம் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப், பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்காக நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி அரை நூற்றாண்டைத் தாண்டியது. ஐ.ஓ.பி., ராணுவம், கடற்படை, கேரள மின்வாரியம் போன்ற பெரிய அணிகள் அந்தச் சின்ன ஊருக்கு வந்து ஆடியிருக்கின்றன. அமெரிக்காவில் பேஸ்பாலுக்கு முதல் வரிசை லீக்குக்குக் கீழே 120 அணிகள் சிற்றூர்களில் ஆடுகின்றன. சாயங்காலமானால் குடும்பத்தோடு போய் உட்காருவது அங்கே வழக்கம். தேனி மாவட்டத்துக்காரர்களான நமக்கு அப்படி ஓர் இடம் பெரியகுளம்.

லோயர் கேம்ப்பிலிருந்து பெரியகுளம் சுமார் 70 கி.மீ. பந்தய சைக்கிளும் வேண்டாம், பந்தயக் காலும் வேண்டாம். முதல் நாள் ராத்திரி வீட்டில் செய்கிற வேலைகள் சரியாக இருந்தால் போதும். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகத் தருகிறேன்.

கிளம்பும் முன்

1. முதலில் தேதியை உறுதிசெய்யுங்கள். போட்டி மே மாதத்தில் சில நாட்கள் தொடர்ந்து நடக்கும். நாளிதழின் தேனிப் பக்கத்தில் அட்டவணை வரும். பெரியகுளத்தில் தெரிந்தவர் இருந்தால் சுவரொட்டியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இறுதி ஆட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். அன்று உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். தொடக்க நாட்களில் முன்வரிசை கிடைக்கும், ஒரே நாளில் பல அணிகளையும் பார்த்துவிடலாம்.

2. நேராக 70 கி.மீ.க்குக் காலைப் பழக்காதீர்கள். வெள்ளோட்டமாகச் சுமார் 16 கி.மீ. தள்ளியுள்ள கம்பம் வரை ஒரு நாள் போய்வாருங்கள். பள்ளத்தாக்கில் கோயில் திருவிழாவை ஒட்டி எங்காவது மின்னொளிக் கபடியோ கைப்பந்தோ நடந்துகொண்டே இருக்கும். பக்கத்து ஊரில் ஒன்று நடந்தால் அதற்குப் போய்வாருங்கள். சைக்கிளில் என்ன கோளாறு, பையில் எது மிச்சம், எது பற்றாக்குறை என்று அந்த ஒரு பயணத்தில் தெரிந்துவிடும்.

3. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் பல வீடுகளில் துணி காயப்போடுகிற கொடியாகிவிட்டது. அதை இறக்கித் துடையுங்கள். அந்த சைக்கிளே இந்தப் பயணத்துக்குப் போதும். கடையில் கொடுத்து நான்கு வேலைகளை மட்டும் சொல்லுங்கள்: ரிம்மில் கோட்டம் எடுப்பது, பிரேக் கட்டை மாற்றுவது, செயின் தொய்வைச் சரிசெய்வது, ட்யூப்பைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது. கிளம்புகிற அன்று காலையில் போய் நின்றால் நடக்காது. ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

4. சீட் உயரத்தைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே இறக்கி, குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் மடங்காமல் நேராக நின்றால் உயரம் சரி. முழங்கால் மடங்கினால் சீட் தாழ்வாக இருக்கிறது. தாழ்ந்த சீட்டில் பத்து கி.மீ. மிதித்தாலே முட்டி வலிக்கும். பிள்ளைகளின் சைக்கிளில் வருஷத்துக்கு ஒருமுறை இதைப் பாருங்கள். அவர்கள் வளர்வார்கள், சீட் வளராது.

5. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது தூசியைப் பிடித்துப் பிசின்போல் ஆகிவிடும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டு அழுக்கை எடுத்து, உலரவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டாக மெஷின் ஆயில் விடுங்கள். கால் மணி நேரம் கழித்து வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் கண்ணிக்குள் இருக்க வேண்டும், மேலே மினுமினுக்கக் கூடாது.

6. கிழிந்த ட்யூப்பைத் தூக்கிப்போடாதீர்கள். இரண்டு விரல் அகலத்துக்கு நீளக் கீற்றாக வெட்டினால் கேரியரில் மூட்டை கட்ட அதைவிட நல்ல கயிறு கிடையாது. இழுத்துக் கட்டினால் மேடுபள்ளத்திலும் தளராது. அதே கீற்றில் ஒரு துண்டை ஹேண்டில்பார் பிடியில் சுற்றினால் வியர்வையில் கை வழுக்காது. மூட்டையில் கனமானது அடியில், சாப்பாடு மேலே. பையின் வார் தொங்கிச் சக்கரத்தில் சிக்காமல் முடிச்சுப் போடுங்கள்.

7. இந்த அரசு சைக்கிள்களில் ஒரு சங்கடம் உண்டு. நூறு நின்றாலும் நூறும் ஒரே அச்சு. ஒரு வருஷம் ஆட்டம் முடிந்து ராத்திரி கூட்டத்தோடு வெளியே வந்த என் மகள், சாவி ஏன் பூட்டில் நுழையவில்லை என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அது வேறு யாருடையதோ. இப்போது எங்கள் சைக்கிள்களின் ஹேண்டில்பாரில் பழைய புடவையின் சிவப்புக் கரையைக் கிழித்துக் கட்டியிருக்கிறோம். சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் போனில் படமெடுத்து வைத்திருக்கிறோம். காணாமல் போனால் புகார் எழுத அந்த எண் வேண்டும்.

8. பஞ்சர் சாமான் ஒரு சின்ன டப்பாவில் அடங்கும்: ஒட்டுப் போடும் ரப்பர், பசை, தேய்க்க உப்புத்தாள், டயர் நெம்ப இரண்டு பட்டைக் கம்பி, ஒரு மாற்று ட்யூப். கைப்பம்பு ஒன்றையும் கேரியரில் கட்டிக்கொள்ளுங்கள். சாலை ஓரத்தில் நெருஞ்சியும் கருவேல முள்ளும் எப்போதும் கிடக்கும். டயரைக் கழற்றியதும் உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவி முள்ளைத் தேடி எடுங்கள். முள்ளை விட்டுவிட்டு ட்யூப்பை மட்டும் ஒட்டினால் அடுத்த ஊரில் மறுபடியும் இறங்க வேண்டியதுதான்.

சாப்பாடும் தண்ணீரும்

9. வழிச்சாப்பாட்டுக்குப் புளிசாதமும் இட்லியும் பழைய துணைகள். இட்லியைச் சூட்டோடு கட்டாதீர்கள். ஆறவைத்து, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி, தணலில் வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். வாட்டாத இலை கிழியும். சூட்டோடு கட்டினால் இலைக்குள் நீர் கோத்து மதியத்துக்குள் நூலிழுக்கும். தேங்காய்ச் சட்னியை மே மாதப் பயணத்தில் நினைக்கவே வேண்டாம்.

10. தயிர்சாதம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், சாதத்தைக் குழைய வடித்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றிப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் சேருங்கள். மதியம் திறக்கும்போது பதமாக உறைந்திருக்கும், புளிக்காது. உப்பைக் கடைசியில் போடுங்கள். தொட்டுக்கொள்ள மாவடு.

11. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் வியர்வையோடு போன உப்பு திரும்பாது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்துகொள்ளுங்கள். வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கரைத்துக் கொடுக்கும் அதே அளவுதான். எலுமிச்சை பிழிந்தால் பிள்ளைகள் மறுக்காமல் குடிப்பார்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் இதிலும் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரிலும் இருக்கட்டும். அன்றன்று கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

12. பழைய பருத்தித் துணியை ஈரமாக்கிப் பாட்டிலைச் சுற்றிக் கட்டுங்கள். சைக்கிள் ஓடும்போது அடிக்கும் காற்றில் துணியின் ஈரம் உலர உலர, உள்ளே தண்ணீர் குளிர்ந்துகொண்டே இருக்கும். மண்பானை குளிர்வதும் இதே கணக்குத்தான். ஒவ்வொரு ஊரிலும் நிற்கும்போது துணியை மறுபடி நனைத்துக்கொண்டால் போதும்.

வழியில்

13. காலை ஐந்தே கால் மணிக்கு லோயர் கேம்ப்பில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபத்தின் முன்னால் கூடுவது எங்கள் வழக்கம். அவர் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று, 2013-ல் திறந்த மண்டபம் அது. அங்கிருந்து தேனி வரை முல்லையாறு போகிற திசையிலேயே நாமும் போகிறோம். ஆறு ஓடுகிற பக்கம் தரை தாழ்ந்துதானே இருக்கும்! கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு காலுக்குத் தெரியும். போகும்போது உள்ள இந்தச் சலுகை திரும்பும்போது கிடையாது என்பதை மனதில் வைத்து, பாதி பலத்தை மிச்சம் வையுங்கள்.

14. குமுளியில் இருந்து வருகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. குமுளி மலைப்பாதையின் கொண்டைஊசி வளைவுகளில் சாதாரண சைக்கிளை ஓட்டி இறங்காதீர்கள். பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்தால் ரப்பர் கட்டை சூடேறி வழுக்கும், அப்புறம் பிடிக்காது. லோயர் கேம்ப் வரை தள்ளிக்கொண்டே இறங்குங்கள், அல்லது சைக்கிளைக் குட்டியானை வண்டியில் ஏற்றி இறக்குங்கள். மலைப்பாதையில் மிச்சம் பிடிக்கிற அரைமணி நேரத்தால் ஒரு லாபமும் கிடையாது.

15. மணிக்கு 12 கி.மீ. என்று கணக்கு வையுங்கள். கூடலூரில் டீ, கம்பம் தாண்டி உத்தமபாளையத்தில் இட்லி, சின்னமனூரில் வாழைப்பழம் என்று நின்று போனாலும், சுமார் 55 கி.மீ. தள்ளியுள்ள தேனியை வெயில் உச்சிக்கு ஏறும் முன் பிடித்துவிடலாம். பதினொன்று முதல் நான்கு வரை சைக்கிளைத் தொடாதீர்கள். மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை அக்கினி நட்சத்திரம். தேனியில் உறவினர் வீடோ கோயில் மண்டபமோ பார்த்து ஒரு தூக்கம் போடுங்கள். மிச்சமுள்ள பதினாறு, பதினேழு கி.மீ. லட்சுமிபுரம், கைலாசபட்டி வழியே நான்கு மணிக்கு மேல். விளக்கு போடும் நேரத்துக்கு மைதான வாசலில் நிற்பீர்கள்.

16. ஊர்களுக்கு வெளியே புறவழிச்சாலைகள் வந்துவிட்டன. லாரிக்கும் காருக்கும் அவை வசதி. சைக்கிள்காரருக்கு அங்கே நிழலும் இல்லை, டீக்கடையும் இல்லை, பஞ்சர் கடையும் இல்லை. ஊருக்குள் போகிற பழைய சாலையையே பிடியுங்கள். விடியற்காலையில் கூட்டம் இருக்காது. கேரளாவுக்குப் போகிற சரக்கு வண்டிகள் பின்னால் ஒலி எழுப்பினால் பதறித் திரும்பிப் பார்க்காதீர்கள். திரும்பினால் கையும் திரும்பும். இடது ஓரம் பிடித்து, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். சின்னவர் நடுவில், பெரியவர் முன்னும் பின்னும்.

17. தேனிக்கு எட்டு கி.மீ. முன்னால் வீரபாண்டி. சித்திரையின் பின்பாதியில் கௌமாரியம்மன் திருவிழா. அந்த நாட்களில் அக்கினிச்சட்டி ஏந்தி வருகிறவர்களாலும் கடைகளாலும் சாலை நிரம்பிவிடும், வண்டிகளைத் திருப்பி விடுவார்கள். பயண நாள் திருவிழாவோடு மோதுகிறதா என்று காலண்டரைப் பாருங்கள். மோதினால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நீர்மோர்ப் பந்தல்கள் இருக்கும், நின்று குடித்துவிட்டுப் போனால் நமக்கும் நல்லது, அம்மனுக்கும் சந்தோஷம்.

18. மே கடைசியில் கேரளப் பக்கத்திலிருந்து காற்று கிளம்பிவிடும். தேனி வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் அந்தக் காற்றுதான். போகும்போது முதுகில் தள்ளுகிற காற்று, திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும். விடியலில் காற்று அடங்கியிருக்கும். ஆகையால் திரும்பும் பயணத்தை இன்னும் சீக்கிரமாகத் தொடங்குங்கள். முடியவில்லை என்று தோன்றினால் தேனியிலேயே சரக்கு வண்டி பேசி சைக்கிள்களை ஏற்றிவிட்டு நீங்கள் பஸ் ஏறுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

19. பெண்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் ஊக்கு குத்துங்கள், நுனி பின்சக்கரத்தில் சிக்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொடை உரசும் இடத்தில் கிளம்பும் முன்பே தேங்காய் எண்ணெய் தடவுங்கள், புண்ணான பிறகு தடவினால் எரியும். கழிப்பறைக்கு பெட்ரோல் பங்க்குகளை நம்பலாம். அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். மாதவிலக்கு நாளாக இருந்தால் அடர்நிறப் பருத்திச் சுடிதார், கூடுதலாக இரண்டு நாப்கின், சுற்றி எடுத்துவரப் பழைய செய்தித்தாள்.

20. வெயிலில் தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு வந்தால் உடனே நிழலில் உட்காரவைத்து உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் காலை நீட்டிப் பாதத்தின் விரல்களைத் தன் பக்கமாக இழுக்கச் சொல்லுங்கள். உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சு குழறினால் அது வேறு. ஈரத்துணியால் உடம்பெங்கும் துடைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மைதானத்தில்

21. சைக்கிளை வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் சொல்லிவிட்டு, அவர் கண்ணில் படும்படி கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். ஒரு டீ குடித்துவிட்டுக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். பகல் முழுக்க வெயிலில் நிற்க வேண்டியிருந்தால் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். பையில் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் இருக்கட்டும். நுழைவுச் சீட்டு இருந்தாலும் சரி, சுண்டல் வாங்கினாலும் சரி, சில்லறைதான் பேசும்.

22. எங்கே உட்காருவது? ஆட்டம் புதிதானால் நடுக்கோட்டுக்கு நேராக உட்காருங்கள், 28 மீட்டர் நீளத் தளம் முழுதும் தெரியும். பிள்ளைகளுக்குக் கூடைக்குப் பின்பக்கம் பிடிக்கும். தரையிலிருந்து 3.05 மீட்டர், அதாவது பத்தடி உயரத்தில் உள்ள வளையத்தை ஆட்டக்காரர் எட்டிப் பிடிப்பதை அங்கிருந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் பந்து அந்தப் பக்கம்தான் பாய்ந்து வரும். மடியில் சூடான டீயோ கைக்குழந்தையோ இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

23. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் புரியவைக்க இவ்வளவு தெரிந்தால் போதும். பத்து நிமிஷம் வீதம் நான்கு கால்பகுதிகள். 6.75 மீட்டர் தொலைவில் உள்ள வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் 3 புள்ளி, உள்ளிருந்து 2, தண்டனை எறிதலுக்கு 1. பந்து கையில் வந்த அணி 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். ஐந்து தப்பாட்டம் செய்தவர் வெளியே போக வேண்டும். கடைசி 2 நிமிஷங்களில் கூடை விழுந்தாலும் கடிகாரம் நிற்கும். இரண்டு நிமிஷம் கால் மணி நேரமாக நீள்வது அதனால்தான். பஸ்ஸைப் பிடிக்க எழுந்து ஓடுகிறவர்கள் நல்ல ஆட்டத்தை விடுவதும் அப்போதுதான்.

24. ராத்திரி ஆட்டத்துக்குக் கொசு கூட்டமாக வரும். முழுக்கைச் சட்டையும் காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கோடை மழை சொல்லாமல் வரும் என்பதால் சீட்டுக்குப் பிளாஸ்டிக் பை, தலைக்குச் சாக்குக் கொங்காணி. சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்தால் முதுகு வரை நனையாது, விலையும் இல்லை. இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். ஆட்டம் முடிந்து இருட்டில் லோயர் கேம்ப் திரும்பவே கூடாது. முன்விளக்கும் பின்மட்கார்டில் ஒளிரும் ஸ்டிக்கரும் தங்குமிடம் வரை போவதற்கு மட்டும்தான். லாட்ஜோ உறவினர் வீடோ முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

வீடு திரும்பியதும்

25. பெரியகுளம் போய்விட்டு மாம்பழம் இல்லாமல் திரும்பினால் வீட்டில் விடமாட்டார்கள். கல்லாமை, செந்தூரம், காலாபாடி எதுவானாலும் பழுத்ததை வாங்காதீர்கள், சைக்கிள் குலுக்கலில் கூழாகிவிடும். காம்போடு உள்ள செங்காயாகப் பார்த்து, அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, காம்பு கீழே பார்க்க ஒரே அடுக்காக வையுங்கள். வீட்டில் அரிசிப் பானைக்குள் புதைத்தால் மூன்று நான்கு நாளில் மணம் வரும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. காம்பைச் சுற்றி மணமே இல்லாமல் மேனி மட்டும் மஞ்சளாக மினுக்கினால் வாங்காமல் நகருங்கள். இன்னொரு சேதி: தோட்டத்தில் நாம் வைக்கிற பி.கே.எம்-1 முருங்கை பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த ரகம், பி.கே.எம். என்பது பெரியகுளம்தான்.

26. வியர்வைத் துணியைச் சுருட்டிப் பையில் வைத்தால் கரும்புள்ளி விழும். தங்கிய இடத்திலேயே ராத்திரி பச்சைத்தண்ணீரில் அலசிக் காயப்போட்டுவிடுங்கள். கால்சட்டையில் செயின் மை பட்டிருந்தால் முதலில் தண்ணீர் படக் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, மை இளகியதும் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கசக்கி, பிறகு துவையுங்கள். சைக்கிளையும் மறந்துவிடாதீர்கள். மழையில் நனைந்திருந்தால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, நிழலில் நிறுத்துங்கள். மறுபடியும் துணிக்கொடியாக்கிவிட வேண்டாம்.

கால் பழகிவிட்டால் அடுத்த வருஷம் ஜூன், ஜூலையில் இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம். 2016-ல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்கள் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்து வந்திருக்கின்றன. அந்த முதல் வருஷம் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்குப் பந்து வீசியவர்தான் சின்னப்பம்பட்டி நடராஜன். 2020 டிசம்பரில் அவர் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடியபோது உலகமே பார்த்தது. முதலில் பார்த்தவர்கள் நம் பக்கத்து மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.

பெரியகுளத்திலும் அப்படி ஒருவர் இந்த மே மாதம் ஆடிக்கொண்டிருக்கலாம். கொடியில் உள்ள துணியை எடுத்துவிட்டு, சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உள்ளே அமுங்கினால் இன்றைக்கே காற்று அடித்து வையுங்கள்.